மேட்டுக்குப் போனவரும் சிலோனுக்குப் போனவரும்



இந்த முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது கிடக்கட்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். போன மாதம் நடந்த ஒரு சின்ன விஷயம் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எழுதி முடித்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

எங்கள் தெருவில் "சிலோன் தாத்தா" என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். பங்காளி வழியில் எனக்குத் தாத்தா முறை. வயது 80. ஓர் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக அவரை பைக்கில் உட்காரவைத்து ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். (எந்த அலுவலகம் என்பதெல்லாம் வேண்டாம்.) விண்ணப்பத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தில் "ஹட்டன்" என்று எழுதியிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஹட்டனா? சிலோன்ல இருக்கே, அதுவா? அப்ப நீங்க வெளிநாட்டுக்காரரா?"

தாத்தாவுக்குக் கோபமே வரவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "இல்லீங்கய்யா. அங்க இருந்தப்பத்தான் என்னைய வெளிநாட்டுக்காரன்னாங்க."

வீட்டுக்கு வந்த பிறகும் இந்த ஒரு வரி என்னை விடவில்லை. நம் வகுப்பில் பாதிப் பேருக்கு துபாய், சிங்கப்பூர், கனடா கனவு இருக்கிறது. விசா, ஒர்க் பெர்மிட், பி.ஆர். என்று தினமும் பேசுகிறோம். ஆனால் போடியிலிருந்து வெளிநாடு போனவர்களின் பழைய கதை எனக்கே சரியாகத் தெரியாது. அதனால் தாத்தாவிடம் கேட்டும், நூலகத்தில் தேடியும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ரோடு, இரண்டு முனை

நம் ஊர் வழியாகப் போகும் கொச்சி ரோட்டுக்கு முன்பு தேசிய நெடுஞ்சாலை 49 என்று பெயர். (இப்போது எண் 85.) அந்தப் பழைய 49-இன் ஒரு முனை கொச்சி, இன்னொரு முனை தனுஷ்கோடி. போடியில் நின்று மேற்கே திரும்பினால் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு. கிழக்கே திரும்பினால் தேனி, மதுரை, ராமேஸ்வரம், அப்புறம் கடல். கடலைத் தாண்டினால் தலைமன்னார்.

எங்கள் குடும்பத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் 1930-களில் இந்த இரண்டு பக்கமும் பிரிந்து போனார்கள். தம்பி என் பூட்டனார். அவர் மேற்கே போய் சாந்தம்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் கிழக்கே போய் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார். அந்த அண்ணனின் மகன்தான் சிலோன் தாத்தா.

இப்போது ஒரு கேள்வி. இந்த இருவரில் அந்தக் காலத்தில் "வெளிநாடு" போனது யார்?

சிலோனுக்குப் போனவர் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 1930-களின் கணக்குப்படி பார்த்தால் விடை தலைகீழ்! போடி, மதராஸ் மாகாணத்தின் மதுரை மாவட்டத்தில் இருந்தது. ஆட்சி பிரிட்டிஷ் மன்னருடையது. சிலோனும் அதே மன்னரின் காலனி. ஆக அண்ணன் கடலைத் தாண்டியும் அதே ராஜாவின் நிழலில்தான் இருந்தார். தம்பி ஏறிய மலை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே மகாராஜா வேறு, சட்டம் வேறு, போலீஸ் வேறு. பிரிட்டிஷார் மேலாதிக்கம் இருந்தாலும், சட்டப்படி திருவிதாங்கூர் பிரஜை பிரிட்டிஷ் பிரஜை ஆகமாட்டார். வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற மலைதான் அப்போது அந்நிய நாடு.

அந்த மலைக்கு வெள்ளைக்காரர்களும் வெளியூர்க்காரர்களாகத்தான் வந்தார்கள். ஏலமலைக்கு சூப்பிரண்டெண்டாக இருந்த ஜே.டி. மன்றோ, 1877-இல் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலையை ஒரு பத்திரம் எழுதி வாங்கினார். மூணாறு தேயிலைத் தோட்டங்களின் தொடக்கம் அந்தப் பத்திரம்தான். அங்கே விளைந்த தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியாக நம் குரங்கணிப் பக்கம் இறங்கி, போடி வழியாக ரயிலுக்குப் போய், தூத்துக்குடியில் கப்பல் ஏறியது. துரைமாருக்குக் கையில் பத்திரம் இருந்தது. அதே பாதையில் ஏறி இறங்கிய கூலி ஆட்களின் கையில் என்ன இருந்தது? அவர்களில் ஒருவரான என் பூட்டனார் எந்தத் தாளும் இல்லாமல்தான் மலை ஏறினார்.

தகரத்துண்டு

அண்ணன் போன பாதையில் தாள் இருந்தது. தாள் என்பதைவிட தகரம் என்று சொல்லலாம்.

சிலோனுக்கு நம் ஆட்கள் போனது 1820-களில் காப்பித் தோட்டங்களோடு தொடங்குகிறது. 1869-க்குப் பிறகு இலைத்துரு நோய் வந்து காப்பி அழிந்து தேயிலை வந்தது. காப்பிக்குச் சில மாதம் ஆள் போதும். தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேண்டும். அதனால் போனவர்கள் குடும்பத்தோடு போய் லயங்களில் தங்கிவிட்டார்கள். வருடக்கணக்கில் வெளிநாட்டில் தங்குவது என்பது தமிழனுக்கு அங்கேதான் பெரிய அளவில் தொடங்கியது என்பேன்.

ஆள் கூட்டிப்போனது கங்காணி. 1900-களின் தொடக்கத்தில் "டின் டிக்கெட்" முறை வந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதைக் குறிக்கும் எண் அடித்த ஒரு தகர வில்லையைத் தொழிலாளியின் கழுத்திலோ கையிலோ கட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். இன்னொரு பக்கம் "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று அதில் எழுதியிருக்கும். கடனை ஏற்றுக்கொள்ளும் வேறு தோட்டம் கிடைத்தால்தான் அவர் இடம் மாறலாம். இந்தத் துண்டு முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. தனிநபரின் கடன்பாக்கியே அவருடைய அடையாள அட்டையாக இருந்த காலம் அது. காமர்ஸ் படிக்கும் நமக்கு இது புரியாமல் இருக்காது.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. ரயிலில் தனுஷ்கோடி வரை போய், ஸ்டீமரில் தலைமன்னார் இறங்கி, மறுபடி ரயிலேறலாம். வழியில் மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகச் சில நாள் நிறுத்தி, மருத்துவப் பரிசோதனை செய்து, பதிவு செய்து அனுப்புவார்கள். இந்த மண்டபத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் இன்னும் இரண்டு முறை வரும்.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு சிலோனுக்குக் கூலித் தொழிலாளர் போவதைத் தடை செய்தது. பூட்டனாரின் அண்ணன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

போடிமெட்டில் பாஸ்போர்ட் கேட்டிருப்பார்களா?

இப்போது 1947-க்கு வருவோம். அந்த வருடம் ஜூன் 11-ஆம் தேதி திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் தனி சுதந்திர நாடாக இருக்கும் என்று அறிவித்தார். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஓர் இசை நிகழ்ச்சியில் அவர் வெட்டப்பட்டார். உயிர் தப்பினார். அடுத்த சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். சி.பி. நினைத்தது நடந்திருந்தால் போடிமெட்டு செக்போஸ்ட் ஒரு சர்வதேச எல்லை. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போகும் நம் அக்காமாரும் அண்ணன்மாரும் தினமும் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அப்படி நடக்கவில்லை. 1950 ஜனவரி 26-இல் அரசியலமைப்புச் சட்டம் வந்தபோது என் பூட்டனார் சாந்தம்பாறையில் இருந்தாரா போடியில் இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டுமே இந்தியா. இந்தியாவின் எந்தப் பகுதியிலும் நடமாட, தங்க, வேலை செய்ய உரிமை வந்துவிட்டது. அவர் ஒரு மனுகூடப் போடவில்லை. ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டவில்லை. தூங்கி எழுந்தார், வெளிநாட்டில் இருந்தவர் சொந்த நாட்டில் இருந்தார்.

அதற்காக மலையில் எல்லாம் சுமுகம் என்று சொல்ல வரவில்லை. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழர் அதிகம் உள்ளவை, தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணி தலைமை தாங்கினார். 1954 ஆகஸ்ட் 11 அன்று தெற்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கடைசியில் 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அந்த வருத்தம் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தோற்ற பக்கத்தில் இருந்தாலும் பூட்டனார் வெளிநாட்டவர் ஆகவில்லை. மாநிலம்தான் வேறானது.

வவுச்சர் இல்லாத வாழ்க்கை

அதே வருடங்களில் அண்ணனுக்கு என்ன நடந்தது?

இலங்கை 1948 பிப்ரவரி 4-இல் சுதந்திரம் பெற்றது. அதே வருடம் நவம்பரில் குடியுரிமைச் சட்டம் (1948-இன் 18-ஆம் எண்) நடைமுறைக்கு வந்தது. அதன்படி இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பா வழித் தாத்தாவும் பூட்டனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குத் தன் பிறப்புச் சான்றிதழே இருக்காது. தாத்தாவின் சான்றிதழுக்கு எங்கே போவது?

1949-இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் (3-ஆம் எண்) என்று இன்னொன்று வந்தது. பதிவு செய்து குடியுரிமை பெறலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. மணமானவர் 1946 ஜனவரி 1-க்கு முன் தொடர்ந்து 7 வருடமும், மணமாகாதவர் 10 வருடமும் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு மனுப் போடும் நாள் வரைக்கும் இருந்திருக்க வேண்டும். நடுவில் ஒரே தடவையாக 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்களா என்றும் பார்ப்பார்கள். மனுப் போடக் கெடு இரண்டு வருடம், 1951 ஆகஸ்ட் வரை. சிலோன் இந்தியன் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணித்தது. பிறகு முடிவை மாற்றியதும் கடைசி மாதங்களில் மனுக்கள் குவிந்தன.

ஆடிட்டிங் பாடத்தில் "வவுச்சிங்" படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பணம் உண்மையிலேயே செலவாகியிருந்தாலும் வவுச்சர் இல்லாவிட்டால் அந்தச் செலவை ஆடிட்டர் ஏற்கமாட்டார். இந்தச் சட்டம் மனிதர்களுக்கு வவுச்சிங் செய்தது. பத்து வருடம் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலை ஏறிய ஆளிடம், நீ இங்கே இருந்தாய் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது.

சுமார் 2,37,000 மனுக்கள் போனதாகக் கணக்கு. அவற்றில் அடங்கியவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். 1960-களின் தொடக்கத்தில் குடியுரிமை கிடைத்திருந்தது சுமார் 1,34,000 பேருக்கு. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. ஓட்டும் போனது. 1947 தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவில் வென்றிருந்தார். 1952-இல் அந்த ஓட்டர்கள் பட்டியலிலேயே இல்லை.

பூட்டனாரின் அண்ணனும் மனுப் போட்டிருக்கிறார். 1947-இல் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்து, மனைவியையும் கைக்குழந்தையையும் தோட்டத்தில் விட்டுவிட்டு போடிக்கு வந்தவர், அம்மா காரியம் முடிந்து, இருந்த கொஞ்சக் காட்டில் அறுப்பும் முடிந்து திரும்பியபோது 14 மாதம் ஆகியிருந்தது. இரண்டு மாதம் கூடுதல். மனு தள்ளுபடி.

அவர் 12 மாதத்துக்குள் திரும்பியிருந்தால் இன்று எங்கள் தெருவில் சிலோன் தாத்தா என்று ஒருவர் இருந்திருக்க மாட்டார்.

இந்தப் பக்கமும் கதவு சாத்தியிருந்தது

அங்கே இல்லை என்றால் இங்கே இந்தியக் குடியுரிமை இருந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் தானாக இல்லை. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டால் இந்தியக் குடிமகன் ஆகலாம் என்று நம் அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவு செய்யாதவர் இந்தியர் அல்ல என்பதுதான் டெல்லியின் நிலை. பதிவு செய்தால் இலங்கையில் வெளிநாட்டவர் ஆகிவிடுவார். அப்புறம் அங்கே தங்க அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கு ஒரு முடிவு தேதி இருக்கும். அதனால் லட்சக்கணக்கானோர் இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றார்கள். அதற்குத்தான் "நாடற்றவர்" என்று பெயர்.

1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், 15 வருடத்தில் முடிக்க வேண்டும். மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள்.

5,25,000-க்கு 3,00,000 என்றால் 7-க்கு 4. பார்ட்னர்ஷிப் கணக்கில் லாபம் பிரிக்கிற மாதிரி இல்லையா? ஆனால் இங்கே பிரித்தது ஆட்களை. யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. பிறகு விண்ணப்பம் வாங்கியபோது இந்தியாவைக் கேட்டவர்கள் சுமார் 4 லட்சம்தான். இலங்கையைக் கேட்டவர்கள் சுமார் 7 லட்சம்! ஒப்பந்தம் ஒரு கணக்குப் போட்டது, மனிதர்கள் வேறு கணக்குப் போட்டார்கள்.

நடைமுறை விஷயங்களும் அந்த ஒப்பந்தத்திலேயே இருந்தன. வேலையில் இருப்பவர், புறப்படும் நாள் வரை அல்லது 55 வயது வரை, எது முந்தியதோ அதுவரை வேலையில் தொடரலாம். சேமநிதி, பணிக்கொடை எல்லாம் எடுத்துப்போகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோக அனுமதிக்கும் சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது.

சிலோன் தாத்தா இந்தியாவுக்குப் பதிவு செய்தார். அப்பா இந்தியாவைத்தான் கேட்டார் என்பது ஒரே காரணம். தாத்தாவின் தங்கை பக்கத்துத் தோட்டத்தில் வாக்கப்பட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் இலங்கையைக் கேட்டார்கள். 1972-இல் தலைமன்னாரில் "ராமானுஜம்" கப்பலில் தாத்தா ஏறியபோது தங்கை கரையில் நின்றார். "போடின்னு ஒரு ஊரை நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லப்பா. எல்லாரும் தாய்நாட்டுக்குத் திரும்புறேன்னாங்க. திரும்புறதுக்கு ஏற்கெனவே வந்திருக்கணும்ல?" என்றார் என்னிடம்.

தாத்தா வந்திறங்கிய பிறகு தங்கவைத்த இடம் எது தெரியுமா? மண்டபம் முகாம். அப்பா தகரத்தோடு போன அதே இடத்துக்கு மகன் அட்டையோடு வந்தார். அந்த அட்டைக்குப் பெயர் "ஃபேமிலி கார்டு". கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. குடும்பத்தில் யார் யார், இந்தியாவில் என்ன மறுவாழ்வுத் திட்டம் என்று அதில் எழுதியிருக்கும். சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் (இன்றைய டான்டீ), சிலருக்குக் கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர், சிலருக்கு நூற்பாலை, பலருக்குத் தொழில் கடன். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியவர்களுக்காக 1969-இல் ஒரு கூட்டுறவு வங்கியே தொடங்கினார்கள். ஊர் ஊராகப் பார்க்கிறோமே ரெப்கோ வங்கி, அதுதான். தங்க நகைக் கடன் விளம்பரத்தை மட்டும் பார்த்திருந்த எனக்கு இது புதுச் செய்தி.

தாத்தாவுக்குத் தொழில் கடன். மளிகைக் கடை வைத்தார், ஒரே வருடத்தில் மூடினார். தேயிலைக் கொழுந்து பறித்த குடும்பத்துக்குத் தராசு பிடிக்கத் தெரியவில்லை. கடைசியில் எங்கே போனார்? போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு. என் தாத்தாதான் கூட்டிப்போனாராம். நாற்பது வருடம் முன்பு பிரிந்த இரண்டு ரோடும் ஒரே மலையில் சேர்ந்தன. ஆனால் ஒருவர் பேர் கொடுத்தால் போதும், இன்னொருவர் "சிலோன்காரர்".

இன்னும் முடியாத கதை

1983 கலவரமும் போரும் வந்தன. 1984-இல் கப்பல் நின்றது. அதற்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துவிட்டார்கள். வராமல் அங்கேயே நின்றவர்களுக்கு 1988-இலும் 2003-இலும் இலங்கை நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1964 அக்டோபர் 30 முதல் நிரந்தரமாக அங்கே வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் பிள்ளைகளும் குடிமக்கள் என்றது 2003 சட்டம். 1948-இல் தொடங்கிய பிரச்சினைக்குச் சட்டத்தில் முற்றுப்புள்ளி வைக்க 55 வருடம்! தாத்தாவின் தங்கை இலங்கைக் குடிமகளாக இருந்து, ஹட்டன் பக்கமே காலமானார். அண்ணன் தங்கை அதன் பிறகு பார்த்துக்கொண்டது ஒரே தடவை, டூரிஸ்ட் விசாவில்.

மண்டபம் மூன்றாவது முறை வருகிறது. 1983-க்குப் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தப்படி பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள் அல்ல, உயிர் தப்பி வந்தவர்கள். அவர்களிலும் மலையகத் தமிழர் உண்டு. அவர்களின் பூட்டனார்கள் இதே மதுரை, திருச்சி, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள். இப்போது 40 வருடம் ஆகிவிட்டது. 2021-இல் தமிழக அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. ஆனால் குடியுரிமை வேறு விஷயம். முறையான ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டத்தின் பார்வையில் "சட்டவிரோதக் குடியேறி". அவர் எத்தனை வருடம் இருந்தாலும் பதிவு மூலம் குடியுரிமை கேட்க முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

நீதிமன்றத்தில் சில கதவுகள் திறந்தன. 2019 ஜூனில் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேரின் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி சொன்னது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது நம் சட்டம். அந்த அடிப்படையில் 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-இல் தீர்ப்பு வந்தது. 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைகளிலிருந்து விலக்கு அளித்தது. நிம்மதிதான். ஆனால் விலக்கு என்பது குடியுரிமை அல்ல.

1986-இல் பிறந்தால் இந்தியர், 1988-இல் அதே முகாமில், அதே அம்மாவுக்குப் பிறந்தால் அப்பா அம்மா யார் என்று பார்க்க வேண்டும். அந்த அண்ணனின் 14 மாதம் ஞாபகம் வருகிறதா?

நமக்கு என்ன?

2020-இல் ஊரடங்கு வந்தபோது போடிமெட்டை மூடினார்கள். பிறகு இ-பாஸ் இருந்தால்தான் மேலே போகலாம் என்றார்கள். அப்போது நான் பள்ளி மாணவன். தெருவில் பத்துப் பேருக்கு மொபைலில் இ-பாஸ் போட்டுக் கொடுத்தேன். "தோட்டத்துல என் காய் பழுத்து உதிருது, எதுக்குப்பா பாஸு?" என்று ஒரு அக்கா அழுதார். தாத்தா மட்டும் ஒன்றும் சொல்லாமல் தன் பழைய ட்ரங்குப் பெட்டியை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தார். "எந்தத் தாள் வேணும்னு சொல்லு, இருக்கும்" என்றார். அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளிநாடு போகப்போகும் நண்பர்களுக்கு இந்தக் கதையிலிருந்து எனக்குத் தோன்றிய சில விஷயங்கள்:

1. தங்க அனுமதி வேறு, குடியுரிமை வேறு. வளைகுடாவில் 30 வருடம் இருந்தாலும் தங்கும் அனுமதி பெரும்பாலும் வேலையைச் சார்ந்ததுதான். வேலை போனால் அனுமதியும் ஆட்டம் காணும்.

2. எத்தனை நாள் வெளியே இருந்தோம் என்பதைப் பல நாடுகள் எண்ணுகின்றன. பி.ஆர். வாங்கியவர்கள் ஊருக்கு வந்து தங்கும்போது தேதியைக் குறித்து வையுங்கள். முடிந்துபோன பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள், அதில்தான் முத்திரைகள் இருக்கின்றன.

3. பிள்ளை பிறந்தால் உடனே பதிவு செய்யுங்கள். வெளிநாட்டில் பிறந்தால் இந்தியத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பதிவு செய்ய வேண்டும்.

4. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓ.சி.ஐ. அட்டை வாழ்நாள் விசா மாதிரி. ஓட்டுரிமை கிடையாது, விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. "பின்னால வந்து ஏலத்தோட்டம் வாங்கிக்கலாம்" என்று திட்டம் போடுபவர்கள் கவனிக்க.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் போதுமா? தெரியாத்தனமாக நடந்தவர்கள் மட்டும்தான் மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியவில்லை. என் பூட்டனார் ஒரு தாளும் வைத்திருக்கவில்லை, அவருக்கு எதுவும் ஆகவில்லை. அவருடைய அண்ணனிடம் தாள் இருந்தது, இரண்டு மாதம் கூடிப்போனது. இருவரும் ஒரே வீட்டில் பிறந்து, ஒரே மாதிரி உழைத்தவர்கள். யார் எந்தப் பக்கம் திரும்பினார் என்பதை வைத்து, அவர்கள் பார்த்தே இராத ஆட்கள் முடிவு செய்தார்கள். அதனால் முகாமில் இருப்பவர்களைப் பற்றி அடுத்த முறை யாராவது "அவங்க வெளிநாட்டுக்காரங்கதானே" என்று சொன்னால் எனக்கு உடனே தலையாட்ட முடியாது.

சரி, அந்த அலுவலகத்தில் கடைசியில் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. தாத்தா மஞ்சள் பையிலிருந்து ஃபேமிலி கார்டை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் செலோடேப் ஒட்டியிருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வயதுக்கு இப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார்.

"சரி, இதுல ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். எனக்காக மூன்றாவதாக ஒன்றும் எடுத்துக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து திறந்து பாருங்கள். அடுத்த முறை கட்டாயம் ஜி.எஸ்.டி.!